நாலு விரல் நூல்

அன்புப் பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பச்சைக் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், இல்லை என்று எழுதினால் குழந்தைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் உட்கார்ந்து அழுவாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அப்பா டிப்போவுக்குப் போய்வருகிறார், நான் மணி கோக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் என்னால் முடியாதம்மா. மாலை என்ன ஆச்சு என்று நீ கேட்கிறபோதெல்லாம் நான் போனை உன் அப்பா கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன், அவரும் பாவம், அங்கே குளிரா, மழையா என்று எதையாவது கேட்டுக்கொண்டு நிற்கிறார். நீயும் விடுகிறவளா, உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா. போன வாரம், ஒரு கொக்கி மாட்டி முடிச்சுப் போட உங்களுக்கு இத்தனை மாசமா என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்துவிட்டாய் என்றார். உன் கோபம் நியாயம்தான். தங்கச்சி போனபோது வரமுடியாமல் நிறைவயிற்றோடு அங்கே மாட்டிக்கொண்டவள் நீ, அவள் கை பட்ட பொருள் ஒன்றாவது கைக்கு வரட்டும் என்று கேட்கிறாய், அதைக்கூட அனுப்பாமல் இழுத்தடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது. மாலையை இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னால் இதைப் படித்துவிடு.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் மறந்துபோகும். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்தது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அப்பா ஸ்பானரோடு உள்ளே போய் ஒரு ஒழுக்கை இரண்டாக்கிவிட்டு வந்தார். பஸ் ஓட்டுகிற கைக்குக் குழாய் எப்படிப் பிடிபடும். கடைசியில் குழாய்க்காரர் வந்து, யார் இதைத் தொட்டது என்று கேட்டபோது உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ரூட் மாறிவிட்டது. டிப்போவில் மாற்றிவிட்டார்கள் என்றுதான் என்னிடம் சொன்னார், அவரே கேட்டு வாங்கிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. பழைய ரூட்டில் பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் இல்லையா. புது ரூட்டில் சிக்னல் குறைவு என்றார், நானும் ஆமாம், நல்லதுதான் என்று சொல்லிவைத்தேன். சின்னவளுடைய கட்டில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. காலியாகப் பார்க்க முடியாமல் துவைத்த துணியையெல்லாம் அதன்மேல் போட்டுவைக்கிறேன், மடித்து முடித்தாலும் எடுத்து உள்ளே வைப்பதில்லை. நீ அனுப்பிய போட்டோவில் குழந்தைக்கு முடி அடர்த்தியாக இருக்கிறது, உன் அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து மூக்கு தன்னுடையதுதான் என்கிறார், அவருடைய மூக்கு வராமல் இருந்தால் அந்தக் குழந்தைக்கு நல்லது. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு உட்காராதே. கனமான எதையும் தூக்காதே, வாளியை மாப்பிள்ளை தூக்கட்டும், படித்தவருக்குக் கை இல்லையா என்ன.

சரி, மாலை விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ வந்திருந்தபோது சின்னவள் உன் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு நூலை வைத்து அளவு எடுத்தாளே, நீகூடக் கூச்சமாக இருக்கிறது, விடுடி என்றாய், அந்த அளவுதான் இது. நீ ஏறிப்போன மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடி மணி, கடல் நிறத்தில் நீலம் இரண்டு, வெள்ளை ஒன்று, மறுபடி நீலம் இரண்டு, வெள்ளை ஒன்று, கடைசிவரைக்கும் அதே வரிசைதான் என்றாள். மணிக்கடை வேலை எல்லாம் முடிந்த பிறகு ஜன்னலோரத்து மேஜையில் உட்கார்ந்து ஒரு முனையை முதலில் கட்டி முடித்தாள், வளையத்தையும் மாட்டிவிட்டாள். மணி கோக்க ஆரம்பித்த நேரத்தில்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மாற்றுத்துணி எடுத்துக்கொண்டாளோ இல்லையோ, இந்த மணிகளை ஒரு சோப்பு டப்பாவில் கொட்டி எடுத்துக்கொண்டாள். நர்ஸ் பார்த்துவிட்டு, மணி கீழே உருண்டால் யார் காலிலாவது படும் என்று சத்தம் போட்டதும், டப்பா மூடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி மடியில் வைத்துக்கொண்டு கோத்தாள். காலையில் நான் பக்கத்தில் இருப்பேன், மதியம் டூட்டி முடிந்து அப்பா வந்ததும் நான் வீட்டுக்கு வந்து கடைக்காரருடைய வேலையைப் பார்ப்பேன், இப்படித்தான் மாற்றி மாற்றி ஓடியது. எல்லாம் முடிந்த அன்று அவளுடைய சீப்பு, செருப்பு, தண்ணீர் பாட்டில் இவற்றோடு இந்த மாலையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அந்த நர்ஸ்தான் என் கையில் கொடுத்தாள். சத்தம் போட்டவள்தான், கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து பல நாள் நான் அந்தப் பையைத் திறக்கவில்லை. நீ கேட்ட பிறகுதான் திறந்தேன். மாலையை அப்படியே முடிச்சு மட்டும் போட்டு அனுப்பு, ஒரு மணிகூட மாற்றாதே, அவள் கோத்தது கோத்தபடி வேண்டும் என்று நீ சொன்னாய், எனக்கும் அதுதான் ஆசை, ஒரு மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து மேஜையில் விரித்தேன். விரித்ததும்தான் பார்த்தேன். நூலில் வாலே இல்லை. உனக்கு இந்த வேலை தெரியாது, நீ படிப்புப் பக்கம் போனவள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். மணியைக் கோப்பது பெரிய வேலையே இல்லை, பார்வையும் பொறுமையும் இருந்தால் போதும். முனையை முடிப்பதுதான் வேலை. மாலை அறுந்து கொட்டினால் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை, கொக்கிக்குப் பக்கத்தில்தான் அறும். கம்பியில் கோத்தது என்றால் ஒரு குட்டி உலோக மணியைப் போட்டு, கம்பியை வளையத்துக்குள் விட்டுத் திருப்பி அதே மணிக்குள் வாங்கிக் குறட்டால் நசுக்கிவிடலாம், கடையில் இப்போது பாதிக்கு மேல் அப்படித்தான் போகிறது. ரப்பர் நூல் என்றால் இரண்டு முனையையும் சேர்த்து முடிந்து, முடிச்சைப் பக்கத்து மணியின் துளைக்குள் இழுத்து ஒளித்துவிட்டால் தீர்ந்தது, கொக்கியே வேண்டாம். இது நூலாச்சே. நூலை நசுக்கினால் நூலே வெட்டுப்பட்டுவிடும். அதற்குச் சிப்பி என்று ஒன்று வைத்திருக்கிறோம், இரண்டு பாதியாகத் திறந்து மூடுகிற சின்ன உலோகக் கிண்ணம், அடியில் துளை இருக்கும். நூலை அந்தத் துளை வழியாக வாங்கி, உள்ளேயே முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, ஊசிமுனையால் ஒரு சொட்டுப் பசை வைத்து, அது காய்ந்த பிறகு மிச்ச நூலை வெட்டிவிட்டுச் சிப்பியை மூடவேண்டும். பிறகு சிப்பியின் காதில் கொக்கி. இத்தனையும் செய்ய, கடைசி மணிக்கு அப்பால் நாலு விரல் நூலாவது மிச்சம் வேண்டும், அதைத்தான் வால் என்போம். சின்னவள் எப்போதும் ஒரு சாண் விடுவாள், நூல் என்ன உங்கப்பன் வீட்டு மரத்திலா காய்க்கிறது என்று நான் திட்டுவேன், விரலுக்கு இடம் வேண்டாமாம்மா என்பாள். அப்படிப்பட்டவள் கோத்த மாலையில் கடைசி மணிக்கு அப்பால் ஒரு விரல் நூல்கூட இல்லை, மணி நழுவாமல் ஒரு கிளிப்பைக் கடிக்கவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கிளிப்பிலிருந்து உள்ளே பார்த்துக்கொண்டே வந்தால் வரிசையும் தப்பாக இருந்தது. வெள்ளை மூன்று சேர்ந்தாற்போல், அப்புறம் நீலம் நீலமாக ஒரு கும்பல், மறுபடி வெள்ளை, எங்கிருந்தோ வந்த மஞ்சள் மணி ஒன்று, இப்படிக் கொஞ்சத் தூரம் போய் அதற்கப்புறம்தான் ஒழுங்கான வரிசை. அந்தச் சிவப்பு நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், உன் அளவைவிட மாலை நீளம். அளவு போயிற்று, வரிசை போயிற்று, வால் விடவேண்டும் என்பது போயிற்று. எனக்கு என்ன தோன்றியிருக்கும் நீயே சொல். கடைசி நாட்களில் என் பிள்ளைக்கு எது நீலம் எது வெள்ளை என்றுகூடத் தெரியாமல் போயிருக்கிறது, தெரியாமலேயே விரல் பழக்கத்தில் கோத்துக்கொண்டே இருந்திருக்கிறாள், நான் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அவள் காதில் விழுந்ததோ என்னவோ என்று நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல ஆகிவிட்டது. இதை உன்னிடம் போனில் எப்படிச் சொல்வேன். குழந்தை பெற்ற உடம்பு, தங்கச்சி நினைவு தப்பிப் போனாள் என்று கேட்டால் தாங்குமா. அதனால்தான் போனை அப்பாவிடம் தள்ளிவிட்டேன். ஆனால் ஒன்று, அந்தத் தப்பான மணிகள்தான் எனக்கு எல்லாமாக இருந்தன. அவள் விரல் கடைசியாகப் பிடித்தது அவைதானே. காலையில் வேலைக்கு உட்கார்ந்ததும் முதலில் அந்த முனையை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன். அப்பா டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பார், டீயோடு எழுந்து போய்விடுவார். இந்த மனுஷனுக்குக் கல்மனசு, பெற்ற பிள்ளையின் கடைசி மணியைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லையே என்று நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

வழி தெரியாமல் மாலையைக் கடைக்கு எடுத்துப்போனேன். அங்கே பின்கட்டில் என்னோடு உட்கார்ந்து கோக்கிறாளே கண்ணாடிக்காரி, தலையில் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடியைக் காணோம் என்று ஊரையே கூட்டுவாளே, அவள் வாங்கி, தலையிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு முனைக்கு முனை பார்த்தாள். அப்புறம், அக்கா, புது நூலில் மாற்றிக் கோத்துவிடு, வரிசையையும் சரிபண்ணிவிடு, பெரியவளுக்குத் தெரியவா போகிறது என்றாள். தெரியாதுதான். ஆனால் அது என் மாலையாகிவிடும், அவள் மாலை ஆகாது. கடைக்காரரிடம் காட்டினேன், அவருக்கு எல்லாவற்றுக்கும் பசைதான், நூல் முனையை ஒரு மூடிக்குள் விட்டு ஒட்டி அனுப்பும்மா, அடுத்த ஊர்வரைக்கும் தாங்கும் என்றார், வாடிக்கைக்காரர் வாசலைத் தாண்டினால் போதும் அவருக்கு. கடைசியிலிருந்து கொஞ்சம் மணியைக் கழற்றினால் நூல் கிடைத்துவிடும் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அது எனக்குத் தெரியாதா. ஆனால் கழற்றவேண்டியது அந்தக் கடைசி மணிகளை அல்லவா. அவற்றைத்தான் என்னால் தொடமுடியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. மறுமுனையில் அவள் போட்ட முடிச்சை வெட்டிவிட்டு, அந்தப் பக்கம் கொஞ்சம் மணியைக் கழற்றி, மீதி மணியையெல்லாம் அந்தப் பக்கமாகத் தள்ளினால் இந்தப் பக்கம் வால் கிடைக்கும். நீளம்தான் அதிகமாக இருக்கிறதே, கழற்றினாலும் உன் கழுத்துக்குக் குறையாது. ஆனால் அந்த முடிச்சு இருக்கிறதே, அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிப்பியின் வாய் மயிரிழை இடைவெளி இல்லாமல் மூடியிருந்தது, பசை ஒரு துளிகூட வெளியே வழியவில்லை, முதல் மணி சிப்பியோடு ஒட்டியும் ஒட்டாமலும் அசைய இடம் விட்டு உட்கார்ந்திருந்தது. கடையில் யார் போட்டதையும் குறை சொல்கிற நான் அதில் குறை தேடிப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போனேன். உடம்பு நன்றாக இருந்தபோது அவள் போட்டது. நல்ல முடிச்சா, கடைசி மணியா என்று என்னையே கேட்டுக்கொண்டு எத்தனை நாளைக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில், முடிச்சுப் போனால் போகட்டும், நான் அதேபோலப் போட முயற்சி பண்ணுகிறேன், கடைசி மணிகளை விடமாட்டேன் என்று தீர்மானித்துவிட்டேன்.

போன ஞாயிறு மதியம், சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்துவிட்டு ஒரு வெள்ளைத் துணியை விரித்து மாலையை வைத்தேன். அப்பா வாசல் பக்கம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன் என்று நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் வெட்டுக்குறட்டை எடுத்து அந்த நல்ல சிப்பிக்கும் முதல் மணிக்கும் நடுவில் வைத்தேன். குறடு சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி வைத்தேன். உன் அப்பா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் வேலை செய்கிற மேஜைப் பக்கம் வராத மனுஷன்.

"அதை வெட்டாத. அது அவ போட்டது. இந்தப் பக்கம் இருக்கறது நான் கோத்தது."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. என்ன உளறுகிறீர்கள் என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசி வாரத்தில் ஒருநாள் மதியம் அவர் போனபோது சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாளாம். மாலை மடியில் கிடந்ததாம், மூடியில் கொஞ்சம் மணி இருந்ததாம், நூலும் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்ததாம். பாவம், முடிக்க முடியாமல் தூங்கிவிட்டாளே, விழித்துப் பார்க்கும்போது மாலை வளர்ந்திருந்தால் சந்தோஷப்படுவாள் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. ஸ்டியரிங் பிடிக்கிற கட்டைவிரலை வைத்துக்கொண்டு அந்தப் பொடி மணியை ஒவ்வொன்றாகப் பிடித்து, பாதி கீழே விழ, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கி, மதியம் முழுக்க உட்கார்ந்து கோத்திருக்கிறார். வரிசை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மூடியின் மூலையில் ஒரு மஞ்சள் மணி கிடந்ததாம், அழகாக இருக்கிறதே என்று அதையும் சேர்த்துவிட்டார். வால் என்பதும் தெரியாது, நூல் வீணாகக்கூடாது என்று முனைவரைக்கும் நிரப்பிவிட்டுக் கிளிப்பைப் போட்டிருக்கிறார். அடி பெரியவளே, இதைக் கேட்டதும் நான் அந்தச் சிவப்பு நூலை எடுத்துவந்து மறுபடி வைத்துப் பார்த்தேன். ஒழுங்கான வரிசை எங்கே முடிகிறதோ, அங்கே உன் அளவும் முடிகிறது, ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கேயிருந்து நூல்முனைவரைக்கும் என் கையை விரித்து வைத்தேன். சரியாக ஒரு சாண். அவள் கோத்து முடித்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறாள். அளவும் தப்பவில்லை, நிறமும் தப்பவில்லை, எப்போதும்போல வாலை விட்டு வைத்திருக்கிறாள், முடிச்சுப் போடமட்டும்தான் பாக்கி. என் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இத்தனை வருஷம் மணி கோத்தவளுக்கு, இது வேறு ஆள் கை என்று ஒரு பார்வையில் தெரியவேண்டாமா. எனக்குத் தெரியவில்லை, அவள் கைதான் என்று நம்பவேண்டியிருந்தது, நம்பிவிட்டேன்.

ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். நீ அதைத் தினமும் தடவித் தடவிப் பார்த்தாய், அது அவளுடையது இல்லை, என்னுடையது என்று எந்த வாயால் சொல்வது என்றார். கல்மனசு என்று நினைத்தேனே, இந்த மனுஷன் தினமும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு இதை முழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம், அவள் விழித்தபோது என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்று கொஞ்சநேரம் அடம்பிடித்தார். நான் விடவில்லை. விழித்ததும் மாலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாளாம், விரலை ஓட்டிக்கொண்டே வந்து மஞ்சள் மணியில் நிறுத்தினாளாம், நிறுத்தி இருமல் வருகிறவரைக்கும் சிரித்தாளாம். அப்புறம் இப்படிச் சொன்னாளாம்.

"நல்லாத்தாம்ப்பா இருக்கு, இருக்கட்டும். அக்கா போட்டுக்கட்டும். அம்மாகிட்ட மட்டும் காட்டாதீங்க, பார்த்தா பிரிச்சிடுவா."

பிரித்திருப்பேன்தான். அன்றைக்கே பார்த்திருந்தால், என்ன கோப்பு இது என்று அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து பிரித்துப் போட்டிருப்பேன், அவளுக்கு என்னைத் தெரியாதா. நான் சிரித்தேன், உன் அப்பாவும் சிரித்தார், அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். அவள் போன நாளிலிருந்து நாங்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் அவர் குளியலறையில், நான் அடுப்படியில்.

அழுது முடித்துவிட்டு உன் அப்பா, நான் கோத்ததை எல்லாம் கழற்றிவிடு, அவள் கோத்தது மட்டும் சுத்தமாகப் பெரியவளுக்குப் போகட்டும் என்றார். அதுதான் சுலபம். எல்லாவற்றையும் கழற்றினால் ஒரு சாண் நூல் கிடைக்கும், கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடலாம், வரிசையும் சுத்தமாகிவிடும், கடையில் வைத்தால் கண்ணாடிக்காரிகூடக் குறை சொல்லமாட்டாள். ஆனால் அவள் இருக்கட்டும் என்று சொன்னதை நான் எப்படிக் கழற்றுவேன். அப்படியே விடவும் வழியில்லை, நூல் வேண்டுமே. முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தேன், வெள்ளையை, நீலத்தை, மறுபடி வெள்ளையை, அப்பா உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டே இருந்தார். மஞ்சள் மணிவரைக்கும் வந்து நிறுத்திவிட்டேன். நிறுத்திப் பார்த்தால் வால் மூன்று விரல்தான். இன்னும் இரண்டு மூன்று மணியை எடுத்திருந்தால் எனக்குக் கை சுலபமாக இருந்திருக்கும், எடுக்கவில்லை. மூன்று விரல் நூலில் முடிச்சுப் போட்டுப் பார், அப்போது தெரியும். நூல் விரலுக்குள் நிற்கவே இல்லை, இரண்டு தடவை நழுவிச் சிப்பிக்கு வெளியே வந்துவிட்டது. கடைசியில் உன் அப்பாதான் இடுக்கியால் முனையைப் பிடித்துக்கொண்டார், நான் ஊசியால் முடிச்சைத் தள்ளித் தள்ளி உள்ளே இறக்கினேன். இறுக்காதே, அறுந்துடும் என்று எனக்கே பாடம் சொன்னார், ஒருநாள் மணி கோத்துவிட்ட திமிர். பசை வைத்து, காய விட்டு, மிச்சத்தை வெட்டிச் சிப்பியை மூடினேன். மூடும்போது டக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும், எத்தனையோ ஆயிரம் மாலைக்குக் கேட்ட சத்தம்தான். இந்த மாலைக்குக் கேட்டபோது, இனிமேல் இதில் அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது மாலையைப் பிரித்துப் பார். வளையம் இருக்கிற முனை அவள் போட்டது. அதிலிருந்து ஒழுங்கான வரிசை முடிகிறவரைக்கும் அவள் கோத்தது. கொக்கிக்குக் கிட்டே கொஞ்சத் தூரம் வரிசை கன்னாபின்னா என்று வந்து மஞ்சளில் முடிகிறதே, அது அப்பா. போட்டுக்கொண்டால் அது பிடரிக்குப் பின்னால் முடிக்குள் போய்விடும், யாருக்கும் தெரியாது, உனக்குத் தெரிந்தால் போதும். உன் அளவைவிடக் கொஞ்சம் நீளம் அதிகம்தான், பொறுத்துக்கொள். கொக்கி இருக்கிற முனை நான் போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதே, பார்த்தாலும் என்னிடம் சொல்லாதே. சிப்பியின் வாய் கோணலாக மூடியிருக்கிறது, பசை கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. அவள் போட்டது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அவள் இருந்தபோது இதை நான் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை, உன்னிடமாவது சொல்கிறேன்.

நீ வரவில்லையே என்று இனிமேல் உன்னை நீயே தின்றுகொண்டிருக்காதே. யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, அக்கா போட்டுக்கட்டும் என்றுதான் சொன்னாள், நீ போட்டுக்கொண்டால் போதும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். குழந்தை நோய் நொடி இல்லாமல், சித்தியின் சிரிப்போடும் உன் பிடிவாதத்தோடும், அப்பா சொல்கிற அந்த மூக்கோடும் நூறு வயசு இருக்கட்டும். நீ மனசாறச் சிரித்து வாழவேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். மாலையைப் பெட்டியில் பூட்டி வைக்காதே, போட்டுக்கொள். குளிக்கும்போது கழற்றிவிடு, கழற்றும்போது தலைவழியாக இழுக்காமல் கொக்கியைத் திறந்து கழற்று. குழந்தை கையில் அகப்பட்டால் இழுக்கத்தான் செய்யும், இழுத்தால் அடிக்காதே. அவள் போட்ட முனை எதற்கும் அசையாது, அதைப்பற்றிக் கவலை வேண்டாம். நான் போட்ட முனை மூன்று விரல் நூலில் போட்டது, என்றைக்காவது விட்டுவிடும். விட்டுவிட்டால் மணிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள், அங்கே எந்தக் கடையிலும் கொடுத்துவிடாதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வா, நான் கட்டித் தருகிறேன்.

உன் அம்மா